இன்ஜினுக்கு அடியில் ஒரு தையல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சிக்னலில் நின்றுபோன சிவப்பு வண்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனை அமுக்கித் தீர்த்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த மகன் திரும்பிப் பார்த்தால், அம்மா குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச்சுல என் கால் இருக்கா இல்லையான்னே தெரியலைடா" என்றார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மகன் விளம்பரம் கொடுத்துவிட்டான். பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர் உட்காரலாம், விற்பனைக்கு. படம் வேண்டும் என்று கேட்டார்களாம். கையிலிருந்த ஒரே படத்தை அனுப்பினான். அதில் வண்டி பாதி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அம்மா பாதி.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. அந்த அம்மா இருபத்தாறு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே இந்தச் சிவப்பு வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். மகன் இரண்டு தெரு தள்ளிக் கோட்டு தைக்கும் கடை வைத்திருக்கிறான். மருமகள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். மாமியார் அவளை 'லிஃப்ட்காரி' என்றுதான் கூப்பிடுவார், கோபத்தில் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மாமியாருக்கு முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. அதிலிருந்து வண்டி உதறினால் இடது கால் விரல்கள் மரத்துப்போகின்றன. வண்டியோ ஸ்டார்ட் செய்தாலே உதறுகிறது.

நடுவில் ஒரு மூன்று நாள் மட்டும் வண்டி சாதுவாக ஓடியது. ஏன் என்று அப்போது நான் சொல்லவில்லை. நீங்களும் விடாமல் கடிதம் எழுதிக் கேட்டீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் போன அன்றே வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. "கோளாறு என் கால்ல இல்லை, வண்டியில இருக்கு" என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். மரத்துப்போகாத கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு வந்து அத்தை பக்கம் சாய்ந்தாள். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகள் இரண்டும் தேய்ந்துவிட்டன, அதிலும் இடது பக்கம் கிழிந்தே போய்விட்டது என்றாள். மெக்கானிக்குகள் அதை இன்ஜின் மவுண்ட்டிங் என்பார்கள். அது நன்றாக இருந்தால் இன்ஜின் எவ்வளவு ஆடினாலும் ஆட்டம் அதோடு நின்றுவிடும். அது போனால், இன்ஜின் ஆடுகிற ஆட்டமெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்புக்கு வரும்.

கடைசியில் மகன் இறங்கி வந்தான்.

"சரி. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி பார்க்க ஆள் வராரு. அதுக்குள்ள ரப்பரை மாத்துங்க. இருபது நிமிஷம் ஓட்டிட்டு வாங்கம்மா. அஞ்சு விரலும் முழிச்சிருந்தா வண்டி இருக்கட்டும். ஒரு விரல் தூங்கினாலும் சாவியை அவர் கையில கொடுத்துடணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றார் அம்மா. அவர் சொன்ன சொல் மாறியதில்லை, அதுதான் மருமகளுக்குப் பயம்.

---

இன்று அந்தச் சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்கே வண்டியின் முன்பக்கம் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி, ஜாக்கிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு மரப்பலகை. மருமகள் தரையில் மல்லாந்து கிடந்தாள். மாமியார் முக்காலியில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விளக்கை ஒரு துடைப்பக் கட்டையில் கட்டி நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அத்தை."

"எனக்கு இடதா, உனக்கு இடதா?"

"வண்டிக்கு இடது."

"அப்படிச் சொல்லு. ஆம்புலன்ஸ்ல பஞ்சு இப்படித்தான், 'அந்தப் பக்கம் திருப்புங்க'ன்னுவாரு. எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டாரு. நானா கண்டுபிடிக்கணும்."

பஞ்சு என்பது பட்டப்பெயர். பதினோரு வருஷம் ஆம்புலன்ஸில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டவர். எப்போதும் சட்டைப்பையில் பஞ்சு துருத்திக்கொண்டிருக்குமாம்.

"அவரெல்லாம் இப்ப எங்க இருக்காரு அத்தை?"

"யாருக்குத் தெரியும்? நான் ஓய்வு பெற்ற அன்னிக்கு ஆபீசே வந்துச்சு. கேட் வாட்ச்மேன்கூட வந்தாரு. அவர் மட்டும் வரலை." விளக்கு கொஞ்சம் ஆடியது. "சைரன் இல்லாத சிவப்பு வண்டி ஒண்ணு வாங்கி, அவசரமே இல்லாம ஓட்டணும்னு முதன்முதல்ல அவர்கிட்டத்தான் சொன்னேன். நீ வேலையைப் பாரு."

அவசரமே இல்லாமல் என்பதற்கு இந்த மாமியார் அகராதியே வேறு. நூற்றைம்பதில் பறக்கிற வண்டியை நாற்பதில் ஓட்டுவார். பள்ளிக்கூட வேன்கூட முந்திக்கொண்டு போகும். பிள்ளைகள் பின் கண்ணாடி வழியாகக் கைகாட்டும், இவரும் காட்டுவார். ஒருவர் உயிர் பின்னால் கிடக்காமல் வண்டி ஓட்டுவது எவ்வளவு சுகம் என்று அவருக்குத்தான் தெரியும். அந்தச் சுகம் போய்விடுமோ என்பதுதான் இன்றைய கவலை முழுவதும்.

வலது பக்கக் கட்டை சண்டை போடாமல் வந்துவிட்டது. இடது பக்க நட்டு துருப்பிடித்து அழுத்தமாக இருந்தது. மருமகள் எண்ணெய் விட்டாள், காத்திருந்தாள், ஸ்பேனரில் காலை வைத்து உதைத்தாள். நட்டு சுழன்றது. ஜாக்கியை இரண்டு விரல் அளவு உயர்த்தினாள். கிழிந்த ரப்பரை இழுத்தபோது, கூடவே இன்னொன்றும் வந்து அவள் மார்பில் விழுந்தது.

சின்னத் துணித் திண்டு. எண்ணெயில் ஊறி, சூட்டில் வெந்து கறுப்பாகிக் கிடந்தது. அவள் விரலால் துடைத்துப் பார்த்தாள். கோட்டு மார்புக்கு உள்ளே வைக்கிற தடித்த கேன்வாஸ். எட்டு மடிப்பு. நான்கு ஓரமும் இரட்டைத் தையல், மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

அந்தப் பெருக்கல் குறியை அவள் நன்றாக அறிவாள். கணவன் தைத்துக் கொடுத்து அவள் அணிந்திருந்த வேலைச் சட்டையின் பாக்கெட் மூலையிலும் அதுவே இருந்தது.

"என்ன விழுந்துச்சு?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"பழைய குப்பை அத்தை" என்று சொல்லி அதைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டாள். மாமியார் மேற்கொண்டு கேட்கவில்லை. எதையும் தோண்டித் துருவும் மனுஷி கேட்காமல் விட்டதை மருமகள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

---

புதுக் கட்டைகள் இரண்டும் மத்தியானம் இரண்டு மணிக்குள் ஏறிவிட்டன.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. போல்ட்டை உள்ளே விட்டால் முழுக்க இறுக்கிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். 'அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம்' என்று விட்ட போல்ட்டை நம்பிப் பத்துப் பேர் ஏறுவார்கள். இறுக்கிய பிறகு நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக மருமகளின் கைக்கு இதுதான் பழக்கம். இன்றும் ஒவ்வொரு போல்ட்டாக விட்டாள், ஒவ்வொன்றாக இறுக்கினாள், கோடு போட்டாள். பார்க்கவே அழகாக இருந்தது.

வண்டியைக் கீழே இறக்கி, பேட்டரியை மாட்டி, மாமியார் கையில் சாவியைக் கொடுத்தாள். மாமியார் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

கண்ணாடி நடுங்கியது. கியர்க் கம்பி நடுங்கியது. கதவில் கிடந்த துணிகூட நழுவிக் கீழே விழுந்தது.

மாமியார் இன்ஜினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி இவ்வளவு இல்லையேம்மா" என்றார் மெதுவாக.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'ம்மா'வைத்தான் தாங்க முடியவில்லை. மருமகள் மறுபடியும் அடியில் போய்ப் பார்த்தாள். கட்டைகள் சரியானவைதான். இடது வலது மாறவில்லை. எல்லாக் கோடும் நேராக இருந்தது. ஒரு தப்பும் தெரியவில்லை, அதுதான் பெரிய பயமாக இருந்தது.

"நான் ஒரு தேநீர் போடறேன், நீ கையைக் கழுவிட்டு வா" என்றார் மாமியார்.

"இல்லை அத்தை. கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். பாக்கெட்டில் இருந்த திண்டு சட்டையையும் எண்ணெயாக்கிக்கொண்டிருந்தது.

---

கடையில் மகன் ஒரு பொம்மை உடம்பில் கோட்டை மாட்டி, அதற்குக் கை இணைத்துக்கொண்டிருந்தான். வாயில் நாலு குண்டூசி. அவள் திண்டை எடுத்துத் துணி வெட்டும் மேசையில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தான். நாலாவதை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"இது எப்படி உன் கைக்கு..."

"உங்க அம்மா வண்டியில, இன்ஜினுக்கு அடியில இருந்துச்சு. நீங்க பேனா மூடி கழண்டாலே என்னைக் கூப்பிடற ஆளு. இன்ஜினுக்குள்ள கைவிட்டிருக்கீங்க!"

அவன் அசடு வழிந்தான். "அம்மா தூங்கும்போது பானட்டைத் திறந்து பார்த்தேன். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சுது. துணி வச்சு அடைச்சா சரியாயிடும்னு நினைச்சேன். மூணு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வெந்துபோச்சு போல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்பே." அவன் திண்டைத் திருப்பிப் பார்த்தான். "விக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அந்த வண்டியில உட்கார்ந்தாத்தான் அம்மா முகத்துல வலி தெரியலை. ஆனா அன்னிக்குச் சிக்னல்ல அவங்க குனிஞ்சு காலைப் பார்த்தாங்க பாரு, எனக்கு உயிரே போயிடுச்சு. நான் செஞ்சு பார்த்தேன், முடியலை. அதனாலதான் விளம்பரம்."

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்த மனிதனை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது, அதை மட்டும் மறைத்துக்கொண்டாள்.

"நானும் செஞ்சு பார்த்துட்டேன். முன்னாடியைவிட அதிகமா உதறுது" என்றாள்.

அவன் பொம்மை மேலிருந்த கோட்டின் கையைச் சரிசெய்தான். கை தொளதொளவென்று தொங்கியது. வெள்ளை நூலில் பெரிது பெரிதாகத் தையல் ஓடியிருந்தது.

"இது ஏன் இப்படித் தொங்குது? ஒழுங்காத் தைக்கலையா?"

"இது ஓட்டுத் தையல். சும்மா நிக்கறதுக்கு. ஆள் வந்து போட்டுக்கணும். கையைத் தூக்கி இறக்கணும், உட்கார்ந்து எழுந்திருக்கணும். அப்பத்தான் துணி எங்க நிக்கணுமோ அங்க போய் நிக்கும். அதுக்கப்புறம்தான் இறுக்கத் தையல். முதல்லயே இறுக்கினேன்னு வை, பார்க்க நேரா இருக்கும், ஆனா கடைசி வரைக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டே..."

அவன் முடிப்பதற்குள் அவள் வாசலில் இருந்தாள்.

"எங்க போறே? திண்டை வச்சுட்டுப் போறியே!"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

---

மாமியார் தேநீரைக் கையில் கொடுக்குமுன் அவள் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டாள். மஞ்சள் கோடு போட்ட அத்தனை போல்ட்டையும் தளர்த்தினாள். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தை உடைத்து ஒரு போல்ட்டைப் பாதியில் விடுவது அவளுக்குப் பல் கூசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டாள்.

"அத்தை, ஸ்டார்ட் பண்ணுங்க. ஓட்ட வேண்டாம், சும்மா ஓடட்டும்."

இன்ஜின் ஓடியது. மருமகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஜின் தானாக, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, அரை விரல் அளவு இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. நடுக்கம் குறைந்தது. கண்ணாடியில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். கத்தத் தேவையில்லாத அளவுக்குச் சத்தம் குறைந்திருந்தது. அந்த இடத்திலேயே, இன்ஜின் தேர்ந்தெடுத்த இடத்திலேயே, எல்லாப் போல்ட்டையும் இறுக்கினாள். பழைய கோடுகள் எதுவும் சேரவில்லை. துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டாள். பெரிய ஸ்பேனரைக் கீழே வைத்தபோது மணி மூன்றரை.

---

மகன் நாலு மணிக்குக் கடையை மூடிவிட்டு வந்தான். இருபது நிமிஷம். அம்மா ஓட்ட, அவன் பக்கத்தில். மருமகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் நின்றுபோன அதே சிக்னல். சிவப்பு. அம்மா கிளட்ச்சை மிதித்து நிறுத்தினார். மகன் மூச்சுவிடவில்லை.

"என்னடா, தண்ணிக்குள்ளயா இருக்கே? மூச்சு விடு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

பச்சை விழுந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அடுத்த வளைவிலேயே ஒரு பேருந்து முந்திக்கொண்டு போயிற்று. அம்மாவுக்கு அவசரமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பரீட்சை. அம்மா தலையை ஆட்டினால் மட்டும் போதாது, ஏமாற்ற முடியாத பரீட்சை. அம்மா வண்டிக் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டினார். மகன் ஒரு லைனிங் துணியால் அவர் கண்ணைக் கட்டினான். தரையில் உட்கார்ந்து, ஊசியின் மழுங்கிய முனையால் ஒரு விரலைத் தொட்டான்.

"சொல்லுங்க."

"சுண்டு விரல்."

"இது?"

"கட்டை விரல். கொஞ்சம் சொரிஞ்சு விடு."

"அம்மா!"

"சரி சரி."

"இது?"

"நடு விரல். அதுக்குப் பக்கத்து விரல். மறுபடியும் சுண்டு விரல், கூச்சமா இருக்குடா."

இன்னும் ஒரு விரல் பாக்கி. மகன் ஊசியைக் காற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இது எந்த விரல்?"

அம்மா யோசித்தார்.

"ஏன்டா பொய் சொல்றே? நீ தொடவே இல்லை."

மகன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விட்டுப்போன அந்த விரல் அவன் உள்ளங்கைக்குள் தானாக அசைந்தது. "இருக்கு" என்றார் அம்மா. "எல்லாம் இருக்கு."

மருமகள் வெளிப்படையாகவே அழுதாள். சந்தோஷத்துக்கு அழுவதில் அவளுக்கு வெட்கம் கிடையாது.

கண்கட்டை அவிழ்த்ததும் அம்மா மகன் பக்கம் திரும்பினார். "அந்தத் துணித் திண்டு எங்கே?"

மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மருமகள்.

"மூணு நாள் வண்டி பூ மாதிரி ஓடுச்சு. பானட் மேல தையல்காரங்க சாக்பீஸ்ல கைத்தடம். இந்த வீட்டுல சாக்பீஸ் கையோட யாரு சுத்தறாங்க?" அம்மா சிரித்தார். "அந்த மூணு நாளும் விரல் நல்லா இருந்துச்சு. அப்பத்தான் கோளாறு என் முதுகுல இல்லை, ரப்பர்லன்னு எனக்கே தெரிஞ்சுது. இல்லேன்னா நானே வித்திருப்பேன். நீ செஞ்சதாலதான்டா வண்டி நம்ம வீட்டுல நிக்குது."

மகன் சட்டைப்பையைத் தடவி, பழைய காகிதத்தில் சுற்றிய திண்டை எடுத்துக் கொடுத்தான். அம்மா அதை வாங்கி, வண்டியின் சின்னப் பெட்டியில் பத்திரமாக வைத்து மூடினார்.

"சரி, அஞ்சு மணி ஆகப் போகுது. அந்த ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு. யாரு அவரு?"

"பேரு சொல்லலை. விசித்திரமான ஆளும்மா. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேக்கலை, டயர் எப்படின்னு கேக்கலை. 'அதை ஓட்டறவங்க நல்லா இருக்காங்களா?'ன்னு ஒண்ணுதான் கேட்டாரு."

அம்மாவின் முகம் மாறியது. மகன் எண்ணை அழுத்தினான். கேட்டுக்கு வெளியே ஒரு போன் ஒலித்தது.

நரைத்த தலை, மெலிந்த உடம்பு, நன்றாகத் தேய்த்த சட்டை. சட்டைப்பையில் வெள்ளையாகப் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"வண்டி விக்கிறதில்லைங்க" என்றான் மகன். "மன்னிக்கணும், வீணா அலைய வச்சுட்டோம்."

"நான் வாங்க வரலை தம்பி" என்றார் அவர். "இந்த வண்டியை இவங்க விக்கிறாங்கன்னா இவங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து வந்தேன்."

மாமியார் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். பிறகு எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க."

அவர் ஏறினார். பதினோரு வருஷம் உட்கார்ந்த பழக்கம், கேட்காமலே பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"இருபது நிமிஷம்தான்மா!" என்று மகன் எச்சரித்தான்.

மாமியார் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். "அன்னிக்கு ஏன் வரலை?"

பஞ்சு வாயைத் திறந்தார். வண்டி கிளம்பியது. போன வாரமாக இருந்தால் அந்த உதறலில் கத்தித்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும், தெருவுக்கே கேட்டிருக்கும். இப்போது ரப்பர் புதுசு. அவர் மெதுவாகவே பேசினார். கேட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மகனுக்கும் மருமகளுக்கும் அதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை.